பதினொரு வினாடி

கோடு போட்ட தாள் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும், றம்சீன் ஐயா. வெறுந்தாளில் எழுதினால் என் வரிகள் வலப்பக்கமாக மேலே ஏறிவிடும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். வாக்குமூலத்தை நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நான் முப்பது வருடமாக மற்றவர்கள் பேசுவதற்கு எழுதிக் கொடுத்துப் பழகியவன். என் பேச்சை இன்னொருவர் எழுத, நான் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது. அனுமதித்ததற்கு நன்றி. தேநீருக்கும் நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

உங்கள் கேள்வி ஒன்றுதான். ராஜினி உள்ளே இருக்கும்போது அந்தக் கதவு ஏன் மூடியிருந்தது? காற்று அடித்துச் சாத்திவிட்டது என்று நேற்றுப் பின்னேரம் சொன்னேன். அது பிழை. அந்தக் கதவைச் சாத்துவதற்குப் புயல் வர வேண்டும். எழுதியதைத் திருத்தாமல் கொடுப்பது என் வழக்கமில்லை, ஆகையால் முதலிலிருந்து சரியாக எழுதுகிறேன். முதல் என்பது ராஜினி அல்ல. மார்ஜரி வேல்.

உங்களுக்கு அவளைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொண்ணூறு வருடங்களுக்கு முன்னர் ஹொலிவூட்டில் அவள் பெயரைச் சொன்னால் தியேட்டர் நிறையும். நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் பிறந்தவள். தகப்பன் சுரங்கம் இடிந்து உள்ளேயே போனவர். பதினேழு வயதில் அவளை ஒரு படக் கம்பனி பிடித்துக்கொண்டுபோய், பெயரை மாற்றி, புருவத்தை வழித்து, கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிக் கன்னத்தை ஒட்டவைத்தது. அது பேசாத படங்களின் காலம். முகம் மட்டும் போதும். பிறகு படங்கள் பேசத் தொடங்கியபோது அவள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவளுடையது அடங்கிப்போன குரல். மைக்குக்கு முன்னால் நிறுத்தினால் கிசுகிசுப்பாள். கம்பனி அவளை வீட்டுக்கு அனுப்ப இருந்தது.

அப்போதுதான் ஓர் இயக்குநர் அவளை வைத்து நிலவறைக் கதை ஒன்றை எடுத்தார். கணவன் மனைவியை வீட்டின் அடியில் பூட்டிவைக்கிற கதை. கடைசிக் காட்சியில் அவள் அலற வேண்டும். இரண்டு நாட்கள் முயன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் இயக்குநர் விளக்குகளை அணைத்து, மரத்தால் செய்த அந்த நிலவறையின் மூடியை உண்மையாகவே ஆணி வைத்து அடிக்கச் சொல்லிவிட்டார். நாலாவது நிமிடம் அலறினாள். பதினொரு வினாடி. அந்தப் பதினொரு வினாடி அவளைப் பெரிய நட்சத்திரமாக்கியது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடங்கள் நடித்தாள், மூன்று கலியாணம் கட்டினாள், பத்திரிகை அட்டைகளில் சிரித்தாள். ஒருநாள் போதும் என்று விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் போய் இருந்துகொண்டாள். அந்த வீட்டின் உள்ளே ஓர் அறைக்கும் கதவு இல்லையாம். குளியலறைக்குக்கூட. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டாளாம். பெரிய கலைஞர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும்.

நான் அவளை முதலில் கண்டது யுத்த காலத்தில். வன்னியில் கரண்ட் இல்லாத நாட்களில், ஜெனரேற்றர் வைத்து வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துக் காட்டுவார்கள். நான் வசனம் எழுதினேன். அந்த வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. படத்தில் இருப்பவள் உதடு மூடும் இடத்தில் நம்முடைய சொல்லிலும் 'ப'வோ 'ம'வோ வர வேண்டும். வாய் அகலும் இடத்தில் 'ஆ' வர வேண்டும். இல்லாவிட்டால் பேய் பேசுகிற மாதிரி இருக்கும். மார்ஜரி வேலின் உதடுகளை நான் என் மனைவியின் உதடுகளைவிடக் கூடப் பார்த்திருக்கிறேன். மனைவி இருந்தபோது இதைச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவாள்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வந்து, கிளிநொச்சியில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் போட்டேன். மரண அறிவித்தல், கோயில் திருவிழா விளம்பரம், புடைவைக் கடைத் தள்ளுபடி. வயிற்றுப்பாட்டுக்கு அது போதும். ஆனால் மனுசனுக்கு வயிறு மட்டுமா இருக்கிறது? மார்ஜரி வேலின் படங்கள் ஆறுக்கு இப்போது உரிமை கேட்க ஆளில்லை. அந்த ஆறையும் தமிழில் பேசவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று முடிவெடுத்தேன். கனடாவில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக்காரர் போடுவதாகச் சொன்னார்.

குரலுக்குத்தான் அலைந்தேன். ஒருநாள் சந்தையடியில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு யாருடையதோ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அறிவித்துக்கொண்டு போனார்கள். பெண் குரல். அடங்கின, கொஞ்சம் கரகரத்த குரல். மரக்கறிப் பையை அப்படியே வைத்துவிட்டு ஓட்டோவுக்குப் பின்னால் ஓடினேன். அறுபது வயதில் ஓடினேன். அதுதான் ராஜினி.

முப்பத்திரண்டு வயது. தாயும் அவளும்தான். தாய் பேச்சியம்மா, அவர்களுடைய பெரியவர்கள் மலைநாட்டிலிருந்து எழுபதுகளில் இடம்பெயர்ந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராஜினிக்கு ஆறு மாதத்தில் மார்ஜரியின் மூச்சு பிடிபட்டுவிட்டது. ஐந்து படங்களை முடித்தோம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள், இந்த அம்மாவின் குரலைக் கேட்கவென்றே பார்க்கிறோம் என்று. ராஜினி அதையெல்லாம் தொலைபேசியில் சேர்த்து வைத்துக்கொண்டு தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். "சேர், எனக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே பேர் இதுதான்" என்று ஒருமுறை சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தேன் என்பதை நீங்கள் யாரிடமும் விசாரிக்கலாம்.

அவளிடம் இரண்டு குறைகள். ஒன்று முட்டு வருத்தம். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டால் தூசிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். எப்போதும் கைப்பையில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் வைத்திருப்பாள். அவளுக்கு முட்டு வரப்போவது அவளுக்கு முதல் எனக்குத் தெரியும். ஹெட்போனில் மூச்சின் அடியில் ஒரு சின்ன விசில் கேட்கும். "பிள்ளை, பம்பை அடிச்சிட்டு வாரும்" என்பேன். ஆச்சரியப்படுவாள்.

மற்றது கதவு. ஒலிப்பதிவு அறைக்கு நான் போட்டிருப்பது முல்லைத்தீவில் ஸுஹைர் என்ற மீன் முதலாளியிடம் வாங்கியது. அவர் ஐஸ் அறையை மூடிவிட்டு வவுனியாவுக்குப் போனபோது கதவை மட்டும் எனக்குத் தந்தார். ஒரு சாண் தடிப்பு, ஓரம் முழுக்க றப்பர். மூடினால் யாழ்தேவி ரயில் போனாலும் உள்ளே கேட்காது. "மாஸ்டர், இதுக்கு உள்பக்கம் பிடி இல்லை. முதல் வேலையா ஒரு பிடியைப் போடுங்கோ" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். பிடி போட்டால் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் சத்தம் வரும். நான் போடவில்லை.

ராஜினி வந்த முதல் நாளே அந்தக் கதவைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு தன் வலது காற்செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனாள். "சேர், கோவியாதைங்கோ. இது இப்பிடியே கிடக்கட்டும்." ஐந்து படமும் அந்தச் செருப்போடுதான் செய்தோம். நாய் குரைத்தால் திரும்ப எடுப்போம், பஸ் போனால் திரும்ப எடுப்போம். நான் ஒருநாளும் கோபிக்கவில்லை.

ஏன் என்று ஒரு தேநீர் நேரத்தில் அவளே சொன்னாள். முள்ளிவாய்க்காலில் அவளுக்குப் பதினேழு வயது. செல் விழுந்து பங்கர் இடிந்து இவளும் தம்பியும் உள்ளே அகப்பட்டுவிட்டார்கள். அவர்கள் இருந்த தென்னந்தோப்பில் சனம் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்ததாம். செல்லடி ஓய்ந்ததும் உள்ளே இருப்பவர் மூன்று தரம் தட்ட வேண்டும். வெளியே இருப்பவர் கேட்டால் மூன்றும், பிறகு விட்டு ஒன்றும் தட்டுவார். "பதில் தட்டு வந்திட்டா பிறகு சத்தம் போடக் கூடாது சேர். ஆள் கேட்டிட்டுது, கிண்டி எடுக்க வருகுது எண்டு அர்த்தம். மூச்சை மிச்சம் பிடிச்சுக்கொண்டு பேசாமல் கிடக்கோணும்." பேச்சியம்மா பானை மூடியால் பதில் தட்டினாராம். வெறுங்கையால் மண்ணைக் கிண்டி இவளை எடுத்தார். தம்பியை எடுக்கப் பிந்திவிட்டது. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. குரல் மட்டும் இன்னும் அடங்கிப்போனது. நல்ல குரல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது படம் நிலவறைப் படம். கடைசிக்கென்று வைத்திருந்தேன். வசனமெல்லாம் அருமையாக வந்தது. அலறலுக்கு வந்தபோது ராஜினி வாயைத் திறந்தாள், ஏதோ ஒரு சத்தம் வந்தது. பதினொரு வினாடி மார்ஜரியின் வாய் திறந்தே இருக்கிறது. அங்கே நான் எழுதிக் கொடுப்பதற்குச் சொல் இல்லை, உதடு மூடுகிற இடமும் இல்லை. குரல் மட்டும்தான். அந்தச் சத்தத்தையே போட்டு முன்னோட்டத்தை வெளியிட்டேன். அது என் முதல் தவறு. எலியைக் கண்ட அக்கா என்று ஒருவர் எழுதினார். அதற்கு இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

ராஜினி என்னைவிடக் கவலைப்பட்டாள். "சேர், எனக்குக் கத்த வராது. பயம் வந்தா எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். கத்தினா மேல நிக்கிறவைக்குக் கேட்டிடும் எண்டு அம்மா வாயைப் பொத்திப் பொத்தியே பழகிப்போச்சு." வேறு யாரையாவது கத்தவைத்து ஒட்டுங்கோ என்றாள். ஐந்து படம் ஒரு குரல், அலறல் மட்டும் இன்னொரு குரல் என்றால் அது மோசடி. அவளுக்குத்தான் அவமானம். நான் அவளுக்காகவும் யோசித்தேன்.

ஆகவே சில முயற்சிகள் செய்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன். ஒருநாள் அவள் மைக்குக்கு முன்னால் நிற்கும்போது வாசலில் சீனவெடி ஒன்றைக் கொளுத்தினேன். அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். கணினியில் ஒலிக்கோடு அசையவே இல்லை. பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். அவள் இருந்த இடத்தில் நிலம் ஈரமாகியிருந்தது. நானே துடைத்தேன், பார்க்காத மாதிரி.

இன்னொரு நாள், பேச்சியம்மாவை பஸ் அடித்துவிட்டதாம் என்று சொன்னேன். அதற்கும் கத்தவில்லை. கைப்பையை எடுத்தாள், செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள், வாசல் வரை போனாள். கூப்பிட்டு, பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தாள். "ஏன் சேர் இப்பிடிச் செய்யிறீங்கள்? எனக்கு உங்களைப் பார்க்கப் பயமாக் கிடக்கு" என்றாள். அது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பயம் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை.

நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். "ஐயா, புள்ள என்னமோ மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குது. நீங்கதான் கூப்புட்டுப் பாக்கணும்" என்றார். இன்னும் ஒரே ஒருநாள், அலறல் வந்தாலும் வராவிட்டாலும் அன்றோடு படம் முடிந்தது, உம்முடைய பேரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன் என்று ராஜினிக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் தாயைப் பார்த்தாள். "சரி சேர், நாளைக்கு வாறன்" என்றாள். அந்த வாக்கை நான் மீறவில்லை.

நேற்று மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு உள்ளே போனாள். வெளியே வீதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. கைப்பையை வழக்கம்போல என் மேசையில் வைத்தாள். செருப்பை இடுக்கில் வைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் பக்கம் திரும்பி நின்றாள். அப்படி நின்றால் கதவு முதுகுக்குப் பின்னால் வரும். நான் குனிந்து செருப்பை எடுத்தேன், கதவை மெதுவாகச் சாத்தினேன், கைப்பிடியை இறக்கினேன். விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது. அணைத்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தேன். மார்ஜரிக்கு நாலு நிமிடம்தானே எடுத்தது.

நாலு நிமிடம் போனது. ஒன்றுமில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது, கிட்டத்தில், என் காதுக்குள். ஐந்தாவது நிமிடத்தில் மெல்லிய குரலில் சொன்னாள், "சேர், கதவு சாத்துப்பட்டுப் போச்சு." பிறகு, "கரண்டும் போயிட்டுது போல." ஒன்பதாவது நிமிடத்தில், "சேர், நீங்கள் பதகளிக்காதைங்கோ. ஆரையும் கூப்பிட்டு ஆறுதலாத் திறவுங்கோ. நான் நிக்கிறன்." ஐயா, அவள் என்னை ஆறுதல்படுத்தினாள். கதவை நான்தான் சாத்தினேன் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. எனக்கு அது சங்கடமாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் திறந்தால் அதுவரை பொறுத்ததெல்லாம் வீணாகும், அவள் பொறுத்ததும் சேர்த்துத்தான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் விசில் கேட்டது. மூச்சின் அடியில், மிகச் சின்னதாக.

இரண்டேகாலுக்குப் பேச்சியம்மா வந்தார். மகள் சாப்பிடாமல் போய்விட்டாள் என்று சோறு கொண்டுவந்திருந்தார். "புள்ள உள்ளுக்கா ஐயா?" என்று கேட்டார். ரெக்கோடிங் நடக்குது, சத்தம் போடாமல் இருங்கோ என்றேன். அந்த மனுசி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சோற்றுப் பார்சலின் பிளாஸ்ரிக் பை சரசரக்கிறது என்று அதை மடியில் பொத்திப் பிடித்துக்கொண்டு, சுவரோரக் கதிரையில் அமர்ந்தார். ஒருதரம் இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். கதவுக்கும் அவருக்கும் ஆறு அடி இருக்கும். இருவருக்கும் இடையில் நான், ஹெட்போனோடு.

அப்போது உள்ளே தட்டினாள். மூன்று தரம்.

பயந்துபோனேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை. பங்கருக்குள் இருப்பதாக நினைக்கிறாளோ என்று யோசித்தேன். உள்ளே இருப்பவருடன் ஹெட்போன் வழியாக நான் பேசுவதற்கு மேசையில் ஒரு சின்ன மைக் இருக்கிறது. அதை நகத்தால் தட்டினேன். மூன்று. விட்டு ஒன்று. அவள் தனியே இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இது இரக்கத்தில் செய்தது. நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும், இது இரக்கத்தில் செய்தது.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கதவைத் தள்ளவும் இல்லை. எங்கோ சுவரோடு சாய்ந்து இறங்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும்: இழுப்பு, நீண்ட இடைவெளி, இழுப்பு. அவளுடைய கைப்பையின் வாய் திறந்திருந்தது. பம்பின் நீல மூடி எனக்குத் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் அவள் வாயில் வைத்தேன் என்று நேற்றுச் சொன்னேன் அல்லவா, அதுதான் இரண்டாவது பிழை. பம்ப் பையிலேயே இருந்தது. நான் பையின் வாயை மூடி ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தேன், பேச்சியம்மாவின் கண்ணில் படுகிறது என்று.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு இன்னும் இரண்டு தட்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. காத்திருந்தேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பார்த்தேன். இழுப்பும் இல்லை. நான் எழுந்து போய் மோதிரத்தால் கதவில் தட்டினேன். மூன்று. விட்டு ஒன்று. பதில் வரும் என்று நினைத்தேன்.

பின்னால் பிளாஸ்ரிக் பை விழுந்த சத்தம் கேட்டது.

"ஐயா" என்றார் பேச்சியம்மா. "அது எங்க தட்டு. எதுக்குத் தட்டுறீங்க? உள்ளுக்க என் புள்ள தட்டுச்சா?"

பதிவு ஓடுது, ஒரு நிமிசம் பொறுங்கோ என்றேன். கைப்பிடியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் என் கையைக் கடித்தார். நீங்கள் கேட்ட காயம் அதுதான். கதவைத் திறந்தார். இருட்டுக்குள் குனிந்து கைகளால் தடவினார், மண்ணைக் கிண்டுகிற மாதிரி. கை பட்டது. அப்போது அவர் அலறினார்.

அதன் பிறகு நடந்ததை அயலவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர் மகளை இழுத்து மடியில் போட்டார், தெருவுக்கு ஓடினார், ஓட்டோ பிடித்தார், ஆட்கள் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முதலே முடிந்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். நான் ஏன் கூடப் போகவில்லை என்று கேட்டீர்கள். ஆட்கள் தூக்கிப்போனதற்கும் நீங்கள் வந்ததற்கும் இடையில் இருபது நிமிடம் இருந்தது. எனக்கு வேலை இருந்தது.

மைக் திறந்தபடியே இருந்ததல்லவா. நான் அதை வெட்டி எடுத்துப் படத்தில் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று வினாடி இருந்தது. முன்னால் இரண்டு வினாடியை எடுத்தேன், "ராசாத்தி" என்று ஒரு சொல் இருந்தபடியால். மிச்சப் பதினொன்றும் மார்ஜரி வேலின் வாயோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. என் முப்பது வருட அனுபவத்தில் அப்படிப் பொருந்தியதில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல் என்பதை நான் முதலே கவனித்திருக்கலாம். கவனித்திருந்தால் ராஜினியை இவ்வளவு கஷ்டப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அதுதான் என் மனதை அறுக்கிறது.

ஆம், கதவை நான்தான் சாத்தினேன். விளக்கை நான்தான் அணைத்தேன். விசில் கேட்டும் திறக்கவில்லை. அவள் தட்டினாள், நான் பதில் தட்டினேன், அதை நம்பி அவள் பேசாமல் இருந்தாள். ஒரே ஒரு தரம் கத்தியிருந்தால் அந்தக் கணமே திறந்திருப்பேன். இதில் கையொப்பமிடுகிறேன்.

கணினியை நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள். கடைசிக் கோப்பை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தின் முடிவில் ராஜினியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, வாக்குக் கொடுத்தபடி. அதன் கீழே பேச்சியம்மா என்றும் சேர்க்க வேண்டும். அவரிடம் அனுமதி கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

சி. சிற்றம்பலம்